2025–26 ஆண்டறிக்கை: மறைந்த பொருளாளர் நினைவாக

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும், வீட்டிலிருந்து வந்திருக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

காரைக்குடி வட்டாரத் தச்சர்களாகிய நம் சங்கத்தின் வரவு செலவுக் கணக்கு தணிக்கை முடிந்து உங்கள் கையில் இருக்கிறது. ஆயுத பூஜை வழக்கம்போல் நடந்தது. இரண்டு மாதக் கூட்டங்கள் ஆள் சேராமல் தள்ளிப்போயின. இவ்வளவுதான். தை மாதம் நம் பொருளாளர் காலமானார். மீதி அறிக்கை அவருக்கு. பெயர் போட வேண்டாம் என்று வீட்டார் கேட்டுக்கொண்டதால் அண்ணன் என்றே எழுதுகிறேன். நம்மில் யாரும் அவரை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லையே!

வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். வராத கூட்டத்துக்கெல்லாம் தன் கையாலேயே காரணம் எழுதியிருக்கிறார். ‘பேத்தி காதுகுத்து.’ ‘மகள் ஊரிலிருந்து வருகிறாள்.’ ஓரிடத்தில், ‘வீட்டில் பணியாரம்.’ அன்றைக்கு அதைப் பார்த்துக் கத்தியவன் நான்தான்.

வெளியூர் வேலை வந்தால் மரம் என்ன, கூலி என்ன என்று கேட்பதற்கு முன்னால் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பார். இதனால் கைவிட்டுப்போன வேலைகள் உண்டு. ராத்திரிச் சோறு வீட்டில்தான். செட்டியார் வீடுகளின் பழைய கதவு, நிலை எல்லாம் பிரிக்கப்பட்டு முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போக ஆரம்பித்த காலத்தில், பிரித்துக் கொடுக்கிற வேலைக்கு நல்ல காசு. நம்மில் பலர் போனோம். அண்ணன் போகவில்லை. பழுது பார்க்க மட்டும் வருவார். பர்மா தேக்கில் இழைப்புளி பட்டதும் மணம் கிளம்பும். சுருண்டு விழும் சீவலில் நல்லதாகப் பார்த்து, பேரப்பிள்ளைகளுக்கென்று சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

அவர் செய்த நடைவண்டி நம்மில் பாதிப் பேர் வீட்டில் இருக்கும். காசு வாங்கியதில்லை. அச்சைக் கொஞ்சம் இறுக்கமாகவே விடுவார். வண்டி முந்தி ஓடினால் பிள்ளை குப்புற விழும், பிள்ளை தள்ளினால்தான் வண்டி நகரணும் என்பார். கால் ஊன்றிய பிறகு கொண்டுபோனால் அச்சைத் தேய்த்துத் தளர்த்தித் தருவார்.

சங்கத்துக்கு அவர் செய்தது இன்னொன்று. கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டையைப் புதுப்பிக்க வருகிறவர்களிடம், நியமனதாரர், அதாவது ஆள் போனபின் வாரியப் பணத்தை வாங்க வேண்டியவர், யார் என்று பார்ப்பார். கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் செத்துப்போன தாயார் பெயரே இருக்கும். “நாளைக்கு அந்தப் பொண்ணு எந்த ஆபீஸ்ல போய் நிக்கும்?” என்று திட்டி, மாற்றி எழுத வைப்பார். 2025இல் கலைஞர் கைவினைத் திட்டம் வந்தது. 3 லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம், 50,000 ரூபாய்க்கு மேற்படாமல். 35 வயது நிரம்பியவர்கள் மனுவோடு ஓடி வந்தார்கள். அண்ணன் கேட்டது ஒன்றுதான்: “வீட்ல சொல்லிட்டியா?” சொல்லாமல் வந்த இருவரைத் திருப்பி அனுப்பினார். ஒருவர் மறுநாள் மனைவியோடு வந்தார். மற்றவர் வரவே இல்லை.

உளியைத் தட்டுகிற அவருடைய புளியங்கட்டைக் கொட்டாப்புளியை வாங்கி, சங்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதென்று மாசியில் தீர்மானம் போட்டோம். தலைவரும் நானும் போய்க் கேட்டோம். அண்ணி உள்ளே பார்த்து, “அது இப்பத் தர முடியாதேப்பா” என்றார். திண்ணையில் பேத்தி அதை இரண்டு கையாலும் பிடித்துப் புளியங்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள்.

தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. பொருளாளர் பொறுப்புக்கு மனுக்கள் இன்று மாலை வரை பெறப்படும்.

இப்படிக்கு,
செயலாளர்