தேக்கு தளிர்க்கும் வாரத்திலேயே புழுவைப் பார்க்க ஆள் அனுப்பக் கோரும் மனு

அனுப்புநர்:
தேக்கு வளர்க்கும் விவசாயிகள்,
பெரியாறு பாசனப் பகுதி,
வாடிப்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மதுரை.

பொருள்: தேக்கு இலை தின்னும் புழு – கொழுந்துப் பருவத்தில் கள ஆய்வு – கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பசுமைப் போர்வைத் திட்டத்தில் இலவசமாகக் கிடைத்த தேக்கங்கன்றுகளை எங்களில் பலர் வரப்போரம் நட்டோம். கன்றுகள் நன்றாகவே பிடித்தன. ஆனால் கோடை மழைக்குத் தளிர்த்த கையோடு மரங்கள் மொட்டையாகிவிடுகின்றன. மரத்தடியில் நின்றால் புழுவின் எச்சம் சருகில் விழும் சத்தம் தூறல் போலக் கேட்கிறது. நூலில் தொங்கி இறங்கும் புழுக்களைக் கையால் விலக்கிக்கொண்டுதான் வாய்க்கால் கரையில் நடக்கிறோம்.

சென்ற ஆண்டு முறையிட்டோம். ஆள் வந்து சேர ஒரு மாதம் ஆனது. அதற்குள் புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, அந்துப்பூச்சியாகப் பறந்தே போய்விட்டது. மரமும் மறுபடி இலை விட்டிருந்தது. "நன்றாகத்தானே இருக்கிறது" என்று எழுதிக்கொண்டு போனார்கள். அவர்கள் பார்த்ததில் பிழையில்லை. வந்த நாள்தான் பிழை.

இந்தப் புழுவுக்கு எல்லாத் தேக்கிலையும் ஒன்றல்ல. கசக்கினால் விரல் சிவக்கும் கொழுந்துதான் குஞ்சுப் புழுவுக்குத் தீனி. இலையோரத்தைக் கத்தரித்து மடித்து, அந்த மடிப்புக்குள் ஒளிந்துகொண்டு தின்னும். முற்றிய இலை அதற்குச் செல்லாது. கொழுந்து தின்று கொழுத்த புழு கனத்த கூட்டுப்புழுவாகிறது. கனத்த கூட்டிலிருந்து வரும் பெண் அந்துக்கு முட்டையும் அதிகம். ஒரே அந்து ஏறத்தாழ 500 முட்டை இடும். புழுப்பருவமோ பத்துப் பன்னிரண்டு நாள்தான். பிந்திய பருவத்தில் முற்றிய இலையை வலைபோல் அரிப்பது வேறொரு புழு. இரண்டையும் ஒன்றென்று எண்ணி, கடைக்காரர் கொடுத்த மருந்தைக் காலம் தப்பி அடித்துப் பணத்தை விட்டவர்கள் நாங்கள்.

இதனால் மரம் சாவதில்லை, பருமன் போகிறது. நிலம்பூர்த் தேக்குத் தோட்டங்களில் கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் செய்த ஆய்வில், இளமரங்கள் இந்தப் புழுவால் தம் வளர்ச்சியில் 44 விழுக்காட்டை இழந்தது தெரியவந்தது. தேக்குக்குப் பருமன்தானே விலை?

ஆகவே, சித்திரையில் முதல் தளிர் கண்டதும் வாரம் ஒரு முறை மரங்களைப் பார்க்க வேளாண்மைத் துறைக்கும் வனத்துறைக்கும் உத்தரவிடக் கோருகிறோம். வாய்க்கால் ஈரத்தில் நிற்கும் மரம் முந்தித் தளிர்க்கிறது. பார்வை அங்கே தொடங்கட்டும். ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியார் எங்கள் தோட்டத்துப் புழுக்களைக் கொழுந்திலும் முற்றிய இலையிலும் வேலி நொச்சியிலும் தனித்தனியாக வளர்த்து, கூட்டுப்புழுவை எடைபோட்டு, முட்டைகளை எண்ணிச் சொன்னால் பேருதவியாக இருக்கும். நொச்சியும் தேக்கின் குடும்பமே. புழு அதிலும் பெருகுமோ என்ற ஐயத்தில், வேலியை வைத்திருப்பதா வெட்டுவதா என்று எங்களுக்குள் சண்டையே நடக்கிறது. இந்தப் புழுவை மட்டும் கொல்லும் நச்சுயிரி (வைரஸ்) மருந்தை அதே கேரள நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. அதை இங்கே சோதித்துப் பார்க்கவும் ஆவன செய்ய வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தேக்கு வளர்க்கும் விவசாயிகள்

இணைப்பு: கொழுந்து மடிப்பில் இருக்கும் புழுக்களின் புகைப்படங்கள், சர்வே எண்களுடன் கையொப்பப் பட்டியல்.