சபாபதி அண்ணன் போய்விட்டார்

அன்புள்ள முரளி,

ஆறு மாசமாக ஒரு வரி எழுதவில்லை. நீ திட்டுவதற்குள் நானே திட்டிக்கொண்டுவிட்டேன், சரியா? வீட்டில் எல்லோரும் சுகம். கொக்கிக்கு இரண்டாவதும் பெண், இன்னும் அதே மீசை.

சேதி இதுதான். சபாபதி அண்ணன் போன வெள்ளிக்கிழமை தவறிவிட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் பெரியப்பா கடைக் கல்லாவைக் கட்டிக் காத்தவர். கடைசியில் சாவி பெரியப்பாவின் மச்சினன் கைக்குப் போனது உனக்கே தெரியும். அந்த மச்சினன் மகராசன் இழவு வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு நியூயார்க் நினைப்பாகவே இருக்கிறது. சிரிக்காதே. தூக்கம் வராமல் காம்பினோ மாஃபியா குடும்பத்தின் கதையைப் படித்துக்கொண்டிருக்கிறேன், அப்படியே நம் கடைதான். பேச்சுக்கு அங்கே ஒரு முறை உண்டு: காப்போ எனப்படும் குழுத் தலைவர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், மற்ற குடும்பத் தலைவர்கள் இருக்கும் கமிஷன் அவரை ஏற்க வேண்டும். ஆனால் 1976 அக்டோபரில் செத்த கார்லோ காம்பினோ, போவதற்கு முன்பே பால் காஸ்டெல்லானோதான் என்று சொல்லி வைத்துவிட்டார். யார் இந்த பால்? மனைவியின் உடன்பிறந்தவன்! அதுவும் கார்லோ கட்டியது சொந்தத்துக்குள்தான், நம் ஊர் மாதிரியே. வருஷக்கணக்காக இரண்டாம் இடத்தில் இருந்த அனியெல்லோ டெல்லாக்ரோச் அப்போது வரி வழக்கில் ஜெயிலில். வெளியே வந்த மனுஷன் சண்டை போடவில்லை, முறுக்கிக்கொள்ளவில்லை. சரி என்று அதே இரண்டாம் இடத்திலேயே உட்கார்ந்தார். தெருவில் இருந்த பையன்களெல்லாம் அவர் பக்கம், ஜான் காட்டி உட்பட. இவர் முகத்துக்காக அவர்கள் ஒன்பது வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் கூடிக் கை தூக்குவதா தேர்தல்? தோற்றவர் வாயை மூடிக்கொண்டாரே, அதில்தான் பாலின் நாற்காலி நின்றது.

1985 டிசம்பர் 2, டெல்லாக்ரோச் புற்றுநோயில் போனார். பால் துக்கத்துக்குப் போகவில்லை, முரளி. வழக்கு நடக்கிறது, போலீஸ் கண்ணில் படக்கூடாது என்று கணக்குப் போட்டாராம். போதாக்குறைக்கு, காலியான இடத்துக்குத் தன் டிரைவர் பிலோட்டியை வேறு கொண்டுவந்தார். டிசம்பர் 16 அன்று மன்ஹாட்டனில் ஸ்பார்க்ஸ் ஓட்டல் வாசலிலேயே காட்டியின் ஆட்கள் இருவரையும் சுட்டுத் தள்ளினார்கள். அடுத்த மாதமே அந்தக் காப்போக்கள் கூடி, வெகு ஒழுங்காக, காட்டியைத் தலைவராக்கினார்கள். கொன்றவனுக்கே ஓட்டு! கமிஷன் அனுமதியில்லாமல் தலைவரைத் தொடக்கூடாது என்ற சட்டத்தைப் பற்றி அந்த அறையில் யார் வாய் திறப்பார்கள்?

பயப்படாதே, நம் ஊரில் யாரும் துப்பாக்கி எடுக்கப் போவதில்லை. கடைப் பையன்கள் மூன்று பேர் வேலையை விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

எனக்குள் அரிப்பது வேறு. அன்றைக்குப் பெரியப்பா பங்காளிகள் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டாரே, நானும்தானே தலையாட்டினேன்? சபாபதி அண்ணன் கதவோரம் நின்று எல்லோருக்கும் காபி கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் சர்க்கரை கம்மியாக, ஞாபகமாக.

பதினாறாம் நாள் காரியம் அடுத்த வாரம் சனிக்கிழமை. லீவு கிடைக்காது என்று ஆரம்பிக்காதே. வெள்ளி ராத்திரி பஸ் ஏறு, ஸ்டாண்டுக்கு நானே வண்டியோடு வருகிறேன்.

உன்,
சேகர்