படம் பார்த்துச் சண்டை போடுகிற வீடு

சிங்கப்பூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மதினிக்கு,

இங்கே நான் நல்ல சுகம். அண்ணன், அம்மா, பிள்ளைகள் எல்லாரும் சுகம்தானே? போன வாரம் போனில் ஒரு பேச்சு சொன்னீர்கள். மாரி செல்வராஜ் எடுத்த, வாழைத்தார் சுமக்கிற பிள்ளைகளைப் பற்றிய ‘வாழை’ படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டேன், எங்க ஊர்ப் பக்கத்தை இப்படியா காட்டுவது என்று. நான் பதில் சொல்வதற்குள் சின்னவன் போனைப் பிடுங்கிக்கொண்டான். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். “பாப்பா அங்கே யாரோடு பேசுவாளோ, எப்படிப் பொழுது போகுதோ” என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள் இல்லையா, அதற்கும் இதிலேயே பதில் இருக்கும். அவளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

நாங்கள் இருப்பது வீவக அடுக்குமாடி வீட்டில். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டியது. இந்த ஊர் ஜனத்தில் பெரும்பகுதி இப்படிப்பட்ட வீடுகளில்தான் இருக்கிறது. நாங்கள் நாலு பெண்கள், நாலு பேருக்கும் முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. ஒருத்தி தஞ்சாவூர்ப் பக்கம். ஒருவர் புனலூர்ச் சேச்சி. நம்ம திருநெல்வேலி ஜங்ஷனில் பாலருவி எக்ஸ்பிரசில் ஏறினால் செங்கோட்டை தாண்டி நேரே அவர் ஊர்தான், அதனால் அவரை அயல்நாட்டில் பார்த்த ஆளாகவே எனக்குத் தோன்றவில்லை. நாலாவது ஆள் பிலிப்பைன்ஸில் டவாவ் என்ற ஊர்க்காரி. ஆளுக்கொரு ஷிப்ட் என்பதால் வாரத்தில் எல்லாரும் முகம் பார்த்துக்கொள்வதே ஞாயிறு சாயங்காலம்தான். அன்றைக்கு ஒருத்தர் மாற்றி ஒருத்தர் படம் எடுத்துப் போட வேண்டும். படம் ஓடும்போது வாயைத் திறக்கக் கூடாது. முடிந்த பிறகு அடுப்படியில் வெங்காயம் உரிக்க ஆரம்பிக்கும்போது சண்டை தொடங்கும்.

தியேட்டருக்கும் எப்போதாவது போகிறோம். தமிழ்ப் படங்களும் வருகின்றன. ஆனால் ஊரில் மாதிரிக் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எந்தப் படத்துக்கும் நுழைந்துவிட முடியாது. என்.சி.16 என்று போட்டிருந்தால் 16 வயது ஆகாதவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். இது எனக்குப் பிடித்திருக்கிறது. வெட்டும் குத்தும் நிறைந்த படத்துக்கு நம் பிள்ளைகளை நாமே கூட்டிப் போய் உட்கார வைக்கிறோமே, அது நிற்க வேண்டும் மதினி.

வேலை செய்யும் இடத்திலும் பேச்சு இதுதான். கடையநல்லூர்ப் பெரியம்மா ஒருவர் அங்கே இருக்கிறார். கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் இங்கே வந்து நிலைத்த குடும்பங்கள் நிறைய, அவர் சின்ன வயதிலேயே வந்துவிட்டவர். இத்தனை காலம் ஆகியும் பேச்சில் நம்ம ஊர் இழுப்பு போகவில்லை. ஊரில் இரவு ஒன்பதரைக்கு ஒரு தொடர் போட்டால் இங்கே மணி பன்னிரண்டு. அதனால் மறுநாள் காலையில் ஆப்பில் பார்க்கிறார். ‘எதிர்நீச்சல்’ 2024 ஜூனில் முடிந்துபோனது, அவர் அதை முதலிலிருந்து மறுபடி பார்த்துக்கொண்டிருக்கிறார். அதில் வீட்டை அடக்கி ஆள்கிற ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் திடீரென்று காலமானாரே, அப்புறம் எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அந்த இடத்துக்கு வந்தார். அது சரியா என்பதில் பெரியம்மாவுக்கும் எனக்கும் இன்னும் முடியவில்லை. “அந்த ஆளு போயிட்டா அந்தப் பாத்திரமும் போயிரணும், வேற மூஞ்சிய ஒட்டக் கூடாது” என்கிறார். அந்த வீட்டு மருமகள்கள் எதிர்த்து நிற்பதுதானே கதை, எதிரே ஆள் இல்லாமல் அவர்கள் யாரோடு போராடுவார்கள் என்பது என் கட்சி. பக்கத்துக் கட்டிலில் இருக்கும் சீனப் பாட்டிக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது. ஆனால் குணசேகரன் வந்தாலே கையை ஓங்குகிறார். யார் நல்லவர், யார் கெட்டவர் என்று அவருக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

போன மாதம் சேச்சி ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ போட்டார். மலையாளப் படம், மம்முட்டி. வேளாங்கண்ணிக்குப் போய்விட்டுத் திரும்புகிற பஸ்ஸில் எல்லாரும் மதியத் தூக்கத்தில் இருக்கும்போது ஒருவர் மட்டும் இறங்கி, முன்பின் தெரியாத ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் நடந்து போய், ஒரு வீட்டுக்குள் நுழைந்து, அந்த வீட்டில் காணாமல் போன ஆளாகவே ஆகிவிடுகிறார். தமிழ்தான் பேசுகிறார். படம் முழுக்க எங்கேயோ பழைய தமிழ்ப் பாட்டும் வசனமும் கேட்டுக்கொண்டே இருக்கும். கேரள அரசின் 2022ஆம் வருஷத்துச் சிறந்த படம், சிறந்த நடிகர் இரண்டும் இதற்குத்தான் கிடைத்தன. தஞ்சாவூர்க்காரி அது முழுக்கக் கனவு என்றாள். சேச்சி ஒப்பவில்லை, கனவு என்று சொல்லிவிட்டால் அந்த வீட்டுப் பெண்ணின் கண்ணீர் என்ன ஆகிறது என்று கேட்டார். டவாவ்க்காரி, செத்தவர் இறங்கியிருக்கிறார், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். எனக்கும் அவள் சொன்னதுதான் சரியாகப் பட்டது. நம்ம ஊரில் கோயில் கொடையில் சாமியாடி பேசும்போது அது கனவா நிசமா என்று யாராவது கேட்கிறோமா?

அடுத்த வாரம் தஞ்சாவூர்க்காரி முறை. அவள் ‘மெய்யழகன்’ போட்டாள். சொந்த வீட்டை இழந்து தஞ்சாவூரை விட்டுப் போன ஆள், ரொம்ப வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்கு நீடாமங்கலம் வந்து, பெயர் தெரியாத உறவுக்காரனோடு ஒரு ராத்திரி முழுக்கப் பேசுகிற கதை. படம் வெளியான பிறகு சுமார் 18 நிமிடத்தைக் குறைத்தார்கள். முழுசாகத் தியேட்டரில் பார்த்தவள் அவள், அந்த 18 நிமிடத்துக்காக இன்னும் கோபப்படுகிறாள். எனக்கும் அந்தப் படம் பிடிக்கும். பிரிந்து வந்தவர்களுக்கு அது மருந்து. ஆனால் படம் முடிந்ததும் அவள் ஒன்று சொன்னாள். ஊரைப் பற்றி எடுத்தால் இப்படித்தான் எடுக்க வேண்டும், பார்த்தால் ஊருக்கு ஓடத் தோன்ற வேண்டும் என்று. அது எனக்கு உறுத்தியது. அதற்காகத்தான் அடுத்த ஞாயிறு என் முறையில் ‘வாழை’யைப் போட்டேன்.

முதல் பாதி முழுக்கச் சிரிப்புதான். சிவனணைந்தானும் சேகரும் ரஜினி, கமல் என்று அடித்துக்கொள்கிற இடத்தில் டவாவ்க்காரிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. விளக்கிச் சொன்னதும் துள்ளி எழுந்துவிட்டாள். அவர்கள் ஊரில் நோரா ஔனோர், வில்மா சாந்தோஸ் என்று இரண்டு நடிகைகளாம். அவள் அம்மா காலத்தில் ஊரே இரண்டு கட்சியாம், ஒரே வீட்டில் அக்கா தங்கை பேச மாட்டார்களாம். பாதிப் படத்தில் சேச்சி, “இந்த வெயிலை நான் எங்கேயோ பார்த்திருக்கேன்” என்றார். தேடிப் பார்த்தால் இதற்கும் ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ படத்துக்கும் ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர்.

பிறகு தார் சுமக்கிற இடம் வந்தது. டவாவ்க்காரி விதியை மீறி வாயைத் திறந்தாள். “ஏன் தலையில் சுமக்கிறார்கள்? கம்பிவடம் இல்லையா?”

மதினி, இது எனக்குத் தெரியாத விஷயம். இங்கே கடையில் விற்கிற நீட்டு மஞ்சள் வாழைப்பழத்தில் நிறைய அவள் ஊர்ப் பக்கத்திலிருந்து வருகிறது. அங்கே பெரிய கம்பெனித் தோட்டங்கள். தோட்டம் முழுக்க ஆள் உயரத்துக்கு மேலே இரும்புக் கம்பிவடம் ஓடுமாம். அதில் உருளை மாட்டித் தார்களை வரிசையாகத் தொங்கவிட்டு, கொட்டகை வரைக்கும் இழுத்துக்கொண்டு போவார்களாம். மரத்திலிருந்து கம்பிவடம் வரைக்கும்தான் ஆள் தோளில் தாங்க வேண்டும். அவள் அப்பா அந்த வேலை பார்த்தவர். நம்ம பக்கம் அரை ஏக்கர், ஒரு ஏக்கர், அதிலும் பாதி குத்தகை, ஆற்றுக்கால் தண்ணீர் பாய்கிற சேற்று வயல், வண்டி போகிற ரோடு எங்கேயோ இருக்கும், வரப்பில் ஒருத்தர் பின்னால் ஒருத்தராகத்தான் நடக்க முடியும், அதனால் சும்மாடு வைத்துத் தலையில்தான் என்று சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, எங்களுக்குத் தலைச்சுமை இல்லை, ஆனால் மேலே விமானம் வந்து மருந்து தெளிக்கும் என்றாள். வீட்டு மேலும் ஆள் மேலும் விழுகிறது என்று போராடி 2007இல் டவாவ் நகரில் அதற்குத் தடை வாங்கினார்களாம். 2016இல் அவர்கள் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்துவிட்டது. அன்றைக்குச் சமையல் ஆக ரொம்ப நேரமாகிவிட்டது.

சண்டை வந்தது கடைசிக் கட்டத்தைப் பற்றி. தார் ஏற்றிய லாரி மேலேயே ஆட்களும் ஏறி வந்து, லாரி கவிழ்ந்து, ஊரே இழவு வீடாகிக் கிடக்கும்போது அந்தப் பையன் பசி தாங்காமல் சோற்றைத் தேடுவான். தஞ்சாவூர்க்காரி அழுதுகொண்டே கோபப்பட்டாள். அழ வைப்பதற்கென்றே வைத்தது, இவ்வளவு வேண்டாம் என்றாள். நான் விடவில்லை. படம் தொடங்கியதிலிருந்து அந்தப் பிள்ளைகளுக்குச் சனி, ஞாயிறு என்றாலே பயம். மற்ற பிள்ளைகளுக்கு லீவு, அவர்களுக்குச் சுமை. பள்ளிக்கூடம்தான் அவர்களுக்கு ஓய்வு. வாங்கின முன்பணத்துக்காகப் பெற்ற தாயே எழுப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. அப்படி வளர்ந்த பிள்ளையின் பசியைக் காட்டாமல் விட்டால்தான் அது பொய். சாவு வீட்டிலும் பசிக்கும். எங்கள் அப்பா இறந்த அன்றைக்கு எனக்குப் பசித்தது, யாரிடமும் கேட்க முடியவில்லை. இதை அவளிடம் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். ஆனால் அவள் கட்சியை விடவில்லை, இன்றைக்கும் விடவில்லை.

இப்போது உங்கள் பேச்சுக்கு வருகிறேன். கோபப்படாமல் கேளுங்கள். 2018இல் ‘பரியேறும் பெருமாள்’ வந்தபோது ஜங்ஷனில் போய் நாம் சேர்ந்துதான் பார்த்தோம். கதாநாயகனின் அப்பாவாக நடித்த கூத்துக் கலைஞரை அவமானப்படுத்தி ஓட விடுகிற இடத்தில் நீங்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டீர்கள். வெளியே வந்து, இதையெல்லாம் யாராவது சொல்லத்தான் வேண்டும் என்றீர்கள். அது காலேஜில் நடந்த கதை. இது உங்கள் பிறந்த வீட்டு வயல். ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வரப்பும் வாய்க்காலும் திரையில் வந்ததும் உங்கள் சித்தப்பாவைத் திட்டுவது போல இருந்திருக்கும். எனக்குப் புரிகிறது. மேலக்காற்றில் ஒரே ராத்திரியில் அவர் போட்ட வாழை முழுக்கச் சாய்ந்தபோது வீட்டில் அடுப்பு மூட்டாமல் கிடந்ததை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் படம் அவரைத் திட்டவில்லை மதினி. கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதற்கு, அந்தக் காசை ஆள் வருகிற வண்டியில் மிச்சம் பிடிக்கிற வியாபாரியைத்தான் காட்டுகிறது. மாரி செல்வராஜ் புளியங்குளத்துக்காரர், தான் சுமந்ததைத்தான் எடுத்திருக்கிறார்.

சேரன்மகாதேவியில் எங்கள் வகுப்பிலேயே தார் வெட்டு நாளில் வராத பிள்ளைகள் இருந்தார்கள். திங்கட்கிழமை கழுத்தைத் திருப்ப முடியாமல் வருவார்கள், சட்டையில் வாழைக்கறை இருக்கும். அந்தக் கறை துவைத்தாலும் போகாது, உங்களுக்கும் தெரியும். அவர்களும் நம்ம ஊர்தான். ஆற்றையும் கோயிலையும் அல்வாக் கடையையும் காட்டி இதுதான் திருநெல்வேலி என்றால் அவர்கள் எங்கே போவார்கள்? ஊரை விட்டு வந்தவர்களுக்கு ஊர் அழகாக மட்டும் வேண்டியிருக்கிறது. எனக்கு அப்படி வேண்டாம்.

அதனால் மீதிப் பாதியையும் பாருங்கள். பிள்ளைகள் தூங்கின பிறகு அண்ணனையும் உட்கார வைத்துப் பாருங்கள், ஆப்புக்கு அண்ணன் போனில் பாஸ்வேர்டு இருக்கிறது. பார்த்துவிட்டும் உங்களுக்குக் கோபம் வந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். நான் இங்கே எல்லாருக்கும் படித்துச் சொல்கிறேன். தஞ்சாவூர்க்காரிக்கு ஓர் ஆள் பலம் கூடும், பரவாயில்லை.

அம்மாவின் கண் மருந்துக்கும் சின்னவன் பள்ளிக்கூடத்துக்கும் சேர்த்துப் பணம் அனுப்பியிருக்கிறேன், அண்ணனிடம் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் ஒன்று. சித்தப்பாவிடம் இப்போது ஒரு தார் சுமக்க என்ன கூலி, ஆட்கள் தனி வண்டியில் வருகிறார்களா, தார் மேலேயே ஏறித்தான் வருகிறார்களா என்று கேட்டு எழுதுங்கள். டவாவ்க்காரி ஒவ்வொரு ஞாயிறும் என்னிடம் கேட்கிறாள்.

அன்புடன்,
பாப்பா