செக்ரெனித் திருவிழாவுக்கு வருகிறாயா?

அன்பு மகளுக்கு,

டெல்லியில் குளிர் எப்படி? முனிர்க்கா வீட்டு ஓனர் இன்னும் மூங்கில் குருத்து வாசனைக்குச் சண்டை போடுகிறாரா? நேரத்துக்குச் சாப்பிடு. இரண்டு மாதமாக அம்மாவிடம் மட்டும்தான் பேசுகிறாய். வேலை அதிகமாம். இருக்கும்.

அறுவடை முடிந்தது. மேல் வயலில் வரப்பு சரிந்து, தம்பி கல் அடுக்கினான். முதல் மழைக்கே உட்கார்ந்துவிட்டது. பக்கத்தில் நீ பதினைந்து வயதில் அடுக்கியது அப்படியே நிற்கிறது.

2023 தேர்தலில் நம் மேற்கு அங்காமித் தொகுதியில் சல்ஹௌதுவோனுவோ குரூஸ் 7 ஓட்டில் ஜெயித்தபோது, அதில் ஒன்று என்னுடையது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். நாகாலாந்து மாநிலம் உருவாகி 60 வருஷம் கழித்துச் சட்டசபைக்குப் போன முதல் இரண்டு பெண்களில் ஒருவர், சும்மாவா? நீ போனில் சிரித்தாய். "2017-ல என்னப்பா பேசுனீங்க?" என்றாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. நகராட்சியில் பெண்களுக்கு 33 சதவீத இட ஒதுக்கீடு என்றதும், நாகா வழக்கத்தைக் காக்கும் அரசியல் சட்டத்தின் 371ஏ பிரிவு, மூதாதையர் வழக்கம் என்று கெல் என்கிற நம் குலப்பகுதிக் கூட்டத்தில் எழுந்து முழங்கியவன்தான் நான். அம்மா வெளியே டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

வீடு கடைசி மகனுக்கு, வயல் ஆண் பிள்ளைகளுக்கு. இது நான் போட்ட சட்டம் இல்லை. நீயும் கேட்கவில்லை. கேட்டுச் சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி தனியாக வராதே.

மெட்ஜிபேமா ஊரில் வாங்கிய மனை பரம்பரைச் சொத்து இல்லை. நீ அனுப்பிய பணம் அது. சம்பாதித்து வாங்கியதை மகளுக்கு எழுதிவைக்க எந்த வழக்கமும் குறுக்கே நிற்பதில்லை. தெரிந்தேதான் பத்திரத்தில் தம்பி பேரைப் போட்டேன். "கட்டிக்கொடுத்தால் நிலம் வேறு குலத்துக்குப் போய்விடும்" என்று அம்மாவிடம் சொன்னேன். உன் அத்தை புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தபோது அவளிடமும் இதையேதான் சொன்னேன். அடுப்படியை ஒட்டிய அறையில், இடுப்பில் தறிவாரைக் கட்டிக்கொண்டு இருபது வருஷம் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கூட்டத்துக்கு நான் போர்த்திக்கொண்டு போனதும் அவள் நெய்த சால்வைதான்.

தம்பியிடம் இன்னும் பேசவில்லை. பேசுவேன். முதலில் உனக்கு எழுதினேன்.

பிப்ரவரி 25 செக்ரெனி. டிக்கெட் நான் எடுக்கிறேன். பத்திரத்தை எடுத்து வைத்திருக்கிறேன். வா.

அப்பா