மணிக்கு ரத்தம் கொடுத்த லாப்ரடாரின் வீட்டாருக்கும் மற்றவர்களுக்கும்

வணக்கம்.

எங்கள் நாய் மணி பிழைத்துக்கொண்டான். பால்காரரைப் பார்த்துக் குரைக்கவும் ஆரம்பித்துவிட்டான். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் பயிற்சி மருத்துவமனையில் எங்களுக்குக் கைகொடுத்த பலருடைய பெயர் எனக்குத் தெரியாது. அதனால் அவரவர் செய்ததைச் சொல்லியே நன்றி சொல்கிறேன்.

முதல் நன்றி ஆட்டோ அண்ணனுக்கு. மூக்கிலிருந்து ரத்தம் வடியும் நாயை யாரும் ஏற்றத் தயாராக இல்லை. "சீட்டைக் கழுவிக்கலாம், ஏறுங்கக்கா" என்றார் அவர்.

1903-ல் தொடங்கிய கல்லூரி அது. என் தாத்தா வண்டி மாட்டை அங்கேதான் ஓட்டிப் போவாராம். ஆனாலும் படிக்கிற பிள்ளைகள் கையிலா நாயைக் கொடுப்பது என்று என் மாமியாருக்குத் தயக்கம். அந்தப் பிள்ளைகள் எதையும் விடவில்லை. விட்டால் பேராசிரியர் கேட்பார் அல்லவா! பயிற்சி மருத்துவரான ஒரு பெண், மணியின் உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்திப் பார்த்தார். அழுத்தும் முன்பே அது வெள்ளைத்தாள் மாதிரிதான் இருந்தது. அப்புறம் காது மடிப்பு, கால் விரல் இடுக்கு என்று தேடி உண்ணிகளை எடுத்துக் காட்டினார்.

பேராசிரியர் வந்ததும் எங்கள் முன்னாலேயே பாடம் நடந்தது. "ஈறு வெளுத்திருக்கு, மூக்கில் ரத்தம், உடம்பில் உண்ணி. முதலில் எதை நினைப்பீங்க?" "உண்ணி பரப்புற எர்லிக்கியா நோய், சார்." "மூக்கில் ஏன் ரத்தம்?" "ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் குறைஞ்சிருக்கும்." "வேற எதையெல்லாம் பார்க்கணும்?" "பபேசியா, சார். அதுவும் உண்ணியால வர்ற நோய்தான்." எங்களுக்குத் தனியாக விளக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. வெளியே வந்ததும் மாமியார், "இனிமே அந்தப் பொண்ணுகிட்டயே காட்டலாம்" என்றார்.

பரிசோதனையில் எர்லிக்கியாதான் என்று உறுதியானது. நல்ல நாய்க்கு ரத்தத்தில் குறைந்தது 37 சதவீதம் இருக்க வேண்டிய சிவப்பணு அளவு மணிக்கு 14 தான். ரத்தம் ஏற்றியாக வேண்டும் என்றார்கள். நாய்களுக்கும் ரத்த வகை உண்டு, பொருந்துகிறதா என்று பார்த்துத்தான் ஏற்றுவார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். முன்பின் தெரியாத எங்களுக்காகத் தங்கள் லாப்ரடாரைக் கூட்டிவந்த குடும்பத்துக்கு எப்படி நன்றி சொல்வது? கழுத்து ரத்தக்குழாயிலிருந்து ரத்தம் எடுத்தபோது அது மேஜையில் பேசாமல் படுத்திருந்தது. முடிந்ததும் கிடைத்த பிஸ்கட்டில் மட்டும்தான் அதற்குக் கவனம்.

டாக்ஸிசைக்ளின் மருந்தைச் சாப்பாட்டோடு 28 நாள் தரச் சொன்னார்கள், கொடுத்து முடித்தோம். மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு மாணவர், "திண்ணைச் சுவர் விரிசலைப் பூசுங்கள்" என்று எழுதிக் கொடுத்திருந்தார். இந்த உண்ணி நாயின் மேல் இருப்பதைவிடச் சுவர் இடுக்கில் இருக்கும் காலம்தான் அதிகமாம். கொத்தனாரைக் கூப்பிட்டுப் பூசிவிட்டோம். தம்பி, உங்களுக்கும் நன்றி. தரையில் சிந்திய ரத்தத்தை முகம் சுளிக்காமல் துடைத்த அக்காவுக்கும்தான்.

ரத்தம் ஏற்றிக்கொண்ட நாய் தானம் கொடுக்கக் கூடாது என்பதால் மணியால் இந்தக் கடனை அடைக்க முடியாது. எதிர்வீட்டு அல்சேஷனுக்குத் தடுப்பூசி எல்லாம் போட்டிருக்கிறது, எடையும் போதும். அவர்களிடம் பேசிவிட்டோம், சரி என்றிருக்கிறார்கள். ரத்த வங்கியில் தேவைப்படும்போது கூப்பிடுங்கள், நாங்களே அழைத்து வருகிறோம்.

அன்புடன்,
மணியின் வீட்டார்,
பெரம்பூர்