மாதிரி எடுத்துப் போனீர்கள், முடிவு எங்கே?

கழிவுநீரையும் மட்கும் கழிவையும் திரும்பப் பயன்படுத்துவது பற்றி ஆய்வு செய்கிற பேராசிரியர்களுக்கும், அவர்களுடைய மாணவர்களுக்கும், அந்த ஆய்வுகளுக்குப் பணம் ஒதுக்குகிறவர்களுக்கும் ஒரு சுத்திகரிப்பு நிலையத் தொழிலாளியின் வணக்கம்.

என்னை உங்களுக்குத் தெரியும். பெயர் தெரியாமல் இருக்கலாம், முகம் தெரிந்திருக்கும். நீங்கள் வந்தால் கேட்டைத் திறந்துவிடுகிறவன் நான். எந்தப் பலகையில் கால் வைக்கக்கூடாது என்று முன்னால் போய்ச் சொல்கிறவன். நீங்கள் தொட்டிக்குள் குனிந்து பாட்டிலில் நீர் பிடிக்கும்போது பின்னால் நின்று சட்டையைப் பிடித்துக்கொள்கிறவன். உங்கள் கட்டுரைகளின் கடைசியில் 'நிலைய ஊழியர்களுக்கு நன்றி' என்று ஒரு வரி வருமாமே, அந்த ஊழியர்.

போன மாதம் ஓர் ஆய்வு மாணவர் ஐஸ் பெட்டியோடு வந்தார். எங்கள் நிலையத்துக்கு இது அவருக்கு இரண்டாவது வருகை. நல்ல பிள்ளை, வெயில் பார்க்காமல் வேலை செய்வார். தொட்டிச் சேறை உலர்ந்த இலைதழையோடும் சமையல் கழிவோடும் கலந்து நீள நீளமாக மேடு போட்டு மட்க விடுகிற இடத்துக்கு அவரைக் கூட்டிப்போனேன். நான் வழக்கம்போல மேட்டின் நடுவில் குழி எடுக்கப் போனேன். "இந்தத் தடவை ஓரத்துல மட்டும் போதும் அண்ணா. போன தடவை ஓரத்து மாதிரியிலதானே புழு முட்டை உயிரோட இருந்துச்சு" என்றார்.

நாளைக்கு மழை வரும் என்பதுபோல அவ்வளவு இயல்பாகச் சொன்னார்.

போன தடவை என்பது 14 மாதத்துக்கு முன்னால். "எங்ககிட்ட யாரும் சொல்லலையே தம்பி" என்றேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. "சார் சொல்லியிருப்பாருன்னு நினைச்சேன் அண்ணா." அந்த சார், மாணவர் சொல்லியிருப்பார் என்று நினைத்திருப்பார். அறிக்கை எங்கேயோ போயிருக்கும், ஏதாவது கோப்பில் பத்திரமாக இருக்கும். மேட்டைப் புரட்டுகிற நாலு பேருக்கு மட்டும் வரவில்லை.

அந்த 14 மாதமும் நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? 21ஆம் நாள் மேட்டைக் கலைத்துச் சலித்தோம். சல்லடையில் தங்குகிற கட்டியைக் கையால்தான் உதிர்க்க வேண்டும். கையுறை கிழிந்தால் அடுத்த ஜோடி வரும் வரை வெறுங்கை. சலித்ததைச் சாக்கில் பிடித்து விவசாயிகளுக்குக் கொடுத்தோம். அதில் ஒருவர், வயதானவர், விவரமானவர், ஒரு பிடி அள்ளி முகர்ந்துவிட்டுக் கேட்டார்: "பச்சையா சாப்பிடுற காய்க்கு, மண்ணுக்குள்ளயே விளையுறதுக்கு, இதைப் போடலாமாப்பா?"

"தாராளமா போடுங்க ஐயா. நல்லா மக்கிடுச்சு, நாத்தமே இல்ல பாருங்க" என்றேன்.

சொன்னது நான்தான். அவருக்கு உங்களைத் தெரியாது, ஆய்வுக்கூடத்தைத் தெரியாது, என்னைத்தான் தெரியும். நான் சொன்னதை நம்பிச் சாக்கை வண்டியில் ஏற்றினார். யாருக்காவது ஏதாவது ஆயிற்றா என்று கேட்பீர்கள். தெரியாது. ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது, ஏனென்றால் யாரும் போய்ப் பார்க்கவில்லை. மாணவர் வந்துபோன மறுநாள் அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "சரி, சொன்னியே" என்றார். திட்டியிருக்கலாம்.

நான் படித்தவன் இல்லை. ஆனால் ஓரத்தில் முட்டை ஏன் பிழைத்தது என்று எனக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. நீளத் தண்டு வைத்த வெப்பமானியை மேட்டின் நடுவில் செருகினால் 60 டிகிரி காட்டும், உருவி எடுத்தால் தண்டில் ஆவி பறக்கும். அதையே ஓரத்தில் ஒரு சாண் ஆழத்துக்குச் செருகுங்கள், நம் உடம்புச் சூடுதான் இருக்கும். மழை பெய்த மறுநாள் அதுவும் இருக்காது. மனிதக் குடலில் வளர்கிற உருளைப்புழுவின் முட்டைக்கு ஓடு பல அடுக்கு. குளோரின் அதை ஒன்றும் செய்வதில்லை, ஈரமண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். அதைக் கொல்வது விடாத சூடு. அதனால்தான் இப்படித் திறந்தவெளியில் மேடு போட்டு மட்க வைக்கிறவர்களுக்கு அமெரிக்காவின் 1993ஆம் வருட விதிகள் 15 நாள் 55 டிகிரிக்குக் குறையக்கூடாது, அந்த நாட்களுக்குள் 5 முறை புரட்ட வேண்டும் என்கின்றன. புரட்டுவது காற்றுக்காக மட்டும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். ஓரத்தில் இருப்பது ஒரு முறையாவது நடுவுக்கு வந்து வேக வேண்டும் என்பதற்கும்தான் அது.

நாங்கள் 3 முறைதான் புரட்டினோம். அப்படித்தான் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள், நாங்களும் ஏன் என்று கேட்கவில்லை. தப்பு எங்கள் பேரிலும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் 14 மாதத்துக்கு முன்னால் ஒரு போன் வந்திருந்தால் இன்னும் இரண்டு முறை புரட்டியிருப்போம். நாலு பேர், இரண்டு காலைப்பொழுது. அவ்வளவுதான் அய்யா வேலை.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. எங்களிடம் மாதிரி எடுத்தால் முடிவை எங்களுக்குச் சொல்லுங்கள். முதலில் எங்களுக்குச் சொல்லுங்கள்.

கட்டுரை வெளிவரும் முன் சொல்லக்கூடாது என்று ஒரு காரணம் கேள்விப்பட்டேன். இன்னும் உறுதியாகவில்லை, மறுபடி சோதிக்க வேண்டும் என்பது இன்னொரு காரணம். உறுதியாகவில்லை என்றால் உறுதியாகவில்லை என்றே சொல்லுங்களேன். 'ஓரத்தில் சந்தேகமாக இருக்கிறது, தெளிவாகும் வரை சாக்கில் பிடிக்காதீர்கள்' என்று ஒரு வரி எழுதினால் உங்கள் கட்டுரைக்கு என்ன குறைந்துவிடும்? சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தவனிடம், ஆராய்ச்சி அச்சாகட்டும், அப்புறம் சொல்கிறேன் என்று எந்த டாக்டரும் சொல்லமாட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தத் துறையின் பெரிய ஏடுகளே எங்கள் பக்கம்தான் பேசுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 1989இல் பாசன நீருக்கு ஓர் அளவு வைத்தது. பச்சையாகச் சாப்பிடுகிற பயிருக்கு விடுகிற நீரில் லிட்டருக்கு ஒரு புழு முட்டைக்கு மேல் இருக்கக்கூடாது, 100 மில்லி லிட்டரில் மலக்குடல் பாக்டீரியா ஆயிரத்தைத் தாண்டக்கூடாது. 2006இல் வந்த வழிகாட்டி, குழாய் முனையில் எண்ணிக்கை பார்ப்பதோடு நிற்கவில்லை. நிலையத்தில் கொஞ்சம், சொட்டுநீரில் கொஞ்சம், அறுவடைக்குச் சில நாள் முன்னால் பாசனத்தை நிறுத்துவதில் கொஞ்சம், வீட்டில் கழுவுவதில் கொஞ்சம் என்று ஆபத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு போகச் சொன்னது. அதாவது தடுப்பு என்பது ஒரே ஒரு சுவர் கிடையாது, வரிசையாக நிற்கிற ஆட்கள். அந்த வரிசையில் நான் நிற்கிறேன், அந்தப் பெரியவர் நிற்கிறார், அவர் வீட்டில் காய் கழுவுகிறவர் நிற்கிறார். எங்களில் ஒருவருக்கும் தகவல் தராமல் தடுப்பு மட்டும் வேலை செய்யும் என்று எப்படிக் கணக்குப் போட்டீர்கள்?

மறுபயன்பாடே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நான் அதன் கட்சிக்காரன். ஆப்பிரிக்காவில் நமீபியா நாட்டின் விண்ட்ஹோக் நகரத்தில் 1968 முதல் கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிநீரோடு கலக்கிறார்கள். இந்த வேலையில் சேர்ந்த புதிதில் அதைக் கேட்டபோது சிரித்தேன், இப்போது பெருமையாக நாலு பேரிடம் சொல்கிறேன். இன்னொரு பக்கம், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பல பத்தாண்டுகள் கழிவுச் சேறை உரம் என்று வயலில் போட்டார்கள். அழியாத பிஎஃப்ஏஎஸ் ரசாயனங்கள் அதன் வழியாக மண்ணுக்கும் கிணற்றுக்கும் போயிருப்பது பிற்பாடு தெரிந்து, 2022இல் அப்படிப் போடுவதையே தடை செய்தார்கள். சேறு போட்ட நிலத்தை யார் திரும்பக் கழுவித் தருவது?

எழுத உட்கார்ந்துவிட்டதால் மற்றதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் நிலையத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் சென்சார் ஒன்று இருக்கிறது. ஏதோ ஒரு திட்டத்தில் வந்தது. திட்டம் முடிந்ததும் அதை அளவு திருத்துகிற திரவம் வருவது நின்றுவிட்டது. இரண்டு வருடமாக இரவும் பகலும் ஒரே எண்ணைக் காட்டுகிறது. தொட்டி காலியாக இருந்தபோதும் அதையேதான் காட்டியது. பார்வையாளர்கள் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். 'கழிவு இல்லை, வளம்' என்று சுவர் முழுக்க எழுதியிருக்கிறது, அழகான எழுத்து. அந்த வளத்தைத் தொடக் கையுறை கேட்டால் மட்டும் ஒதுக்கீடு இல்லை என்கிறார்கள்.

நிலையத்தை நாங்கள் ஓட்டுவது அந்த எண்ணை வைத்து இல்லை. ஒரு லிட்டர் ஜாடியில் தொட்டி நீரைப் பிடித்து அரைமணி நேரம் அசையாமல் வைப்போம். சேறு எந்தக் கோடு வரை படிகிறது, மேலே நிற்கிற நீர் தெளிவா கலங்கலா, நுரை வெள்ளையா பழுப்பா, மண் வாசனையா அழுகல் வாடையா, இதெல்லாம்தான் எங்களுக்கு மீட்டர். நீரில் அழுக்கு எவ்வளவு மிச்சம் என்று, கிருமிகள் அதைத் தின்னச் செலவாகும் ஆக்சிஜனை வைத்துச் சொல்கிற பிஓடி சோதனையின் முடிவு வர 5 நாள் ஆகும், அதற்குள் அந்த நீர் வயலுக்குப் போய் வற்றியும் போயிருக்கும். இந்த ஜாடிக் கணக்கு எவ்வளவு நம்பத் தக்கது, எப்போது ஏமாற்றும் என்று ஒருவராவது எங்களைக் கேட்டு ஆராய்ந்தால் கையெடுத்துக் கும்பிடுவேன். தலைப்பில் கவர்ச்சி இருக்காது, அதுதான் சிக்கல்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்க வந்ததற்கே வருகிறேன்.

மாதிரி எடுத்த இடத்துக்கு அதன் முடிவு திரும்பி வரட்டும். பெரிய அறிக்கை வேண்டாம். எங்களுக்குப் புரிகிற தமிழில் அரைத்தாள் போதும்: எந்தத் தொட்டி, எந்த மேடு, எந்தத் தேதி, என்ன இருந்தது, நாங்கள் என்ன மாற்ற வேண்டும். ஆபத்தான முடிவு என்றால் தாளுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே போன் செய்துவிடுங்கள், ராத்திரியானாலும் எடுப்போம். பணம் ஒதுக்குகிற பெரியவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். மாதிரி கொடுத்தவர்களுக்கு முடிவைச் சொன்னதற்குச் சான்று கேளுங்கள், அது இல்லாமல் கடைசித் தவணையை விடுவிக்காதீர்கள். உங்கள் படிவங்களில் எத்தனையோ பத்தி இருக்கிறது, இதற்கும் ஒன்று சேர்க்கலாம்.

அந்த மாணவர் மேல் எந்த நடவடிக்கையும் எடுத்துவிடாதீர்கள். வாய்தவறியாவது எங்களுக்குச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

இப்போது 5 முறை புரட்டுகிறோம். சலித்து வைத்திருக்கிற சாக்குகள் கொட்டகையில் தனியாக நிற்கின்றன, யாருக்கும் கொடுக்கவில்லை. போன மாதம் எடுத்துப் போன ஓரத்து மாதிரி 6ஆம் மேட்டினுடையது. கரும்பலகையில் அதற்கு ஒரு கட்டம் போட்டு, தேதி எழுதி, முடிவுக்கான இடத்தைக் காலியாக விட்டிருக்கிறோம். தயவுசெய்து சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கேட்டைத் திறந்துவிடுகிறவன்