கோட்டை நடை நண்பர்களுக்கு: அந்த மனுவில் நான் ஏன் கையெழுத்துப் போடவில்லை

நண்பர்களுக்கு வணக்கம்.

போன வியாழக்கிழமை காலை அகழி ஓரம் இரண்டாவது சுற்றை முடித்து டீக்கடைக்கு வந்தபோது என் முன்னால் ஒரு மனுவை நீட்டினீர்கள். திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் கலெக்டரிடம் கொடுக்க வேண்டியது. அதில் ஏற்கெனவே பத்தொன்பது கையெழுத்து இருந்தது. கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லி நான் நழுவினேன். கண்ணாடி சட்டைப்பையில்தான் இருந்தது, அதை நீங்களும் பார்த்துவிட்டீர்கள். "இன்னா வாத்தியாரே, போட மாட்டீங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அந்தக் குரலுக்குத்தான் இந்தப் பதில். உங்களைப் போலவே பேசுகிறவர்கள் ஊர் முழுக்க இருப்பதால் கவரில் போட்டு ஒட்டாமல் திறந்தே எழுதுகிறேன்.

மனுவில் இரண்டு கோரிக்கை. திறனற்ற வெளிமாநிலத் தொழிலாளர்கள் வேலூர் மாவட்டத்துக்கு வருவதற்கு ஓர் உச்சவரம்பு வேண்டும் என்பது ஒன்று. வருகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் தமிழ்த் தேர்வில் தேற வேண்டும், தேறாதவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டையும் செய்யக் கலெக்டருக்கு அதிகாரமே கிடையாது. நாட்டுக்குள் எங்கும் போகலாம், எங்கும் தங்கலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு. ஆனால் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லி ஒதுங்குவது வக்கீல் பதில். சட்டம் இடம் கொடுத்திருந்தாலும் நான் போட்டிருக்க மாட்டேன்.

உங்கள் மனத்தாங்கல் பொய் என்று சொல்லவில்லை. என் அண்ணிக்கு வயது 78. ஓய்வூதியத்துக்கு உயிர்வாழ் சான்று கொடுக்க ஒரு வங்கிக்குப் போனார். கவுன்ட்டரில் இருந்த பையனுக்கு இந்தியைத் தவிர எதுவும் வரவில்லை. "நாளைக்கு வாங்க" என்பதைக்கூட அவன் கையைக் காட்டித்தான் சொன்னான். வெயிலில் திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்து, "நம்ம ஊர்லயே நான் ஊமையாயிட்டேன்டா" என்றார். அன்று எனக்கு வந்த கோபம் உங்கள் கோபத்துக்குக் குறைந்ததில்லை. எங்கள் தெரு கொத்தனாரும், "அவன் கம்மிக் கூலிக்கு வர்றான் சார், மேஸ்திரி என்னைக் கூப்பிடுறதே இல்ல" என்கிறார். இரண்டும் உண்மையான புகார்கள்தான். ஆனால் இரண்டிலும் தப்பு யாருடையது? தமிழ் தெரியாத ஆளைத் தமிழர்களுக்குப் பதில் சொல்லும் நாற்காலியில் உட்கார வைத்தவருடையது முதலாவது. ஒரே வேலைக்கு இரண்டு கூலி வைத்து நடுவில் தள்ளிக்கொள்ளும் மேஸ்திரியுடையது இரண்டாவது. உங்கள் மனுவில் இந்த இருவரும் இல்லை. செங்கல் தூக்குகிறவன்தான் இருக்கிறான்.

நம் பேச்சையே கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நம்மில் ஒருவருடைய அக்கா மகன் முகவரிடம் லட்சக்கணக்கில் கட்டிவிட்டு லண்டன் போகக் காத்திருந்தான், முதியோர் பராமரிப்பு வேலைக்கு. 2025 ஜூலை 22-ல் பிரிட்டன் அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டது. பட்டப்படிப்புத் தரத்துக்குக் கீழே உள்ள பெரும்பாலான வேலைகளுக்கும் அப்போதே கதவு சாத்தப்பட்டது. 2026 ஜனவரியில் திறன் பணியாளர் விசாவுக்கான ஆங்கிலத் தகுதியை பி1 என்ற இடைநிலையிலிருந்து அதற்கு மேல்படியான பி2-க்கு ஏற்றினார்கள். அந்தப் பையனுக்காக முதல் சுற்றில் வெள்ளைக்காரனைத் திட்டுகிறோம், இரண்டாவது சுற்றில் இந்த மனுவை எழுதுகிறோம். நடுவில் கோட்டைக்குள் இருக்கிற ஜலகண்டேஸ்வரருக்கு ஒரு கும்பிடு.

பிரிட்டன் கருத்துக்கணிப்புகளில் ஒரு வேடிக்கை உண்டு. வெளியிலிருந்து வருகிறவர்களைக் குறைக்க வேண்டுமா என்று மொத்தமாகக் கேட்டால் ஏராளமானோர் ஆமாம் என்பார்கள். நர்ஸைக் குறைக்கலாமா, டாக்டரைக் குறைக்கலாமா, வயதானவர்களைக் கவனிக்கிறவர்களைக் குறைக்கலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் பெரும்பாலோர் வேண்டாம் என்பார்கள். இதை உங்களுக்குத் தெரியாமல் உங்களிடமே சோதித்துப் பார்த்தேன். மன்னிக்கவும். காந்தி ரோடு பக்கம் லாட்ஜ் வைத்திருப்பவரிடம் ரூம் பையன்களை அனுப்பிவிடுவீர்களா என்றேன். "நம்ம பசங்க நல்ல பசங்க சார், அஞ்சு வருஷமா இருக்கானுங்க" என்றார். ஓட்டல்காரரிடம் பரோட்டா மாஸ்டரைக் கேட்டேன். அவர் நம்ம ஆள் மாதிரியே ஆகிவிட்டாராம். ராணிப்பேட்டையில் தோல் ஷெட் நடத்தும் உறவினர் உள்ளவர், அந்த ஈரத்தோல் வேலைக்கு உள்ளூரில் யார் வருவார்கள் என்று என்னையே திருப்பிக் கேட்டார். ஆக, உங்கள் மனு துரத்தச் சொல்வது அடுத்தவரிடம் வேலை செய்பவனை மட்டும்தான்.

"திறனற்ற" என்ற சொல்லிடம் வருகிறேன். சத்துவாச்சாரியில் என் வீட்டுக்கு மாடி எடுத்தபோது கம்பி கட்ட வந்தவன் மேற்கு வங்கத்து மால்டாவிலிருந்து வந்த பையன். இருபது வயது இருக்கும். கட்டுக்கம்பியை இரண்டாக மடித்து, குறுக்குக் கம்பிகள் சந்திக்கிற இடத்தில் கீழிருந்து நுழைத்து, கொக்கியை மாட்டி ஒரு சுழற்று. நான் எண்ணிப் பார்த்தேன். ஒரு முடிச்சுக்கு இரண்டு நொடிகூட ஆகவில்லை, குனிந்த முதுகு நிமிரவில்லை. சும்மா இருக்காமல் நானும் கொக்கியை வாங்கி முயன்றேன். முதல் முடிச்சு தொளதொளவென்று நின்றது. அடுத்ததை இறுக்கியபோது கம்பி அறுந்து என் கட்டைவிரலைக் கிழித்தது. பையன் சிரிக்கவில்லை. "ரெண்டு சுத்து சார். மூணு சுத்துனா அறுந்துடும்" என்றான், தமிழில். இன்று என் தலைக்கு மேல் இருக்கிற கூரை அந்தக் கணக்கில்தான் நிற்கிறது. முப்பத்துநான்கு வருடம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்திய என்னால் அந்த ஒரு முடிச்சைப் போட முடியவில்லை. எங்கள் இருவரில் திறனற்றவன் யார் என்று மனுவில் யாராவது எழுதிச் சேருங்கள்.

மொழித் தேர்வைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. ஓய்வுக்குப் பிறகு வெளிநாடு போகும் நர்ஸ் பிள்ளைகளுக்கு ஓஇடி, ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வுகளுக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் என் சாயங்காலங்கள் ஓடுகின்றன. குடியாத்தத்துப் பெண் ஒருத்தி, ஆறு வருடம் ஐசியூவில் வேலை பார்த்தவள், ஓஇடி ரீடிங்கில் 340 வாங்கினாள். வேண்டியது 350. பத்து மதிப்பெண்ணுக்காக மறுபடி பணம் கட்டி, நகையை மறுபடி அடகில் விட்டு, மறுபடி எழுதினாள். அப்போதும் நான் அந்தத் தேர்வைக் குறை சொல்லவில்லை. மருந்தின் அளவைத் தப்பாகப் படித்தால் நோயாளி செத்துவிடுவான், ஆகவே நர்ஸுக்கு அது வேண்டும். டிஎன்பிஎஸ்சி 2021 கடைசியில் தமிழ்த் தாளைக் கட்டாயமாக்கி 40 விழுக்காடு வாங்கியே ஆக வேண்டும் என்றபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். வேலைக்கு எவ்வளவு மொழி தேவையோ அவ்வளவுக்குத் தேர்வு வைக்கலாம். கம்பி கட்டுகிறவன் கட்டுரை எழுதி ஆக வேண்டியது என்ன?

வைத்தாலும் ஒழுங்காக நடத்துவோமா? 2016 டிசம்பரில் தமிழ்நாட்டில் தபால்காரர் வேலைக்கு நடந்த தேர்வு நினைவிருக்கிறதா? அரியானாவிலிருந்து எழுதியவர்கள் தமிழில் நம் பிள்ளைகளையே மிஞ்சிவிட்டார்கள். ஊர் சிரித்து, கடைசியில் அந்தத் தேர்வே ரத்தானது. சித்தாளுக்குத் தமிழ்ச் சான்றிதழ் கட்டாயம் என்று நாளை வந்தால், காட்பாடி ரயில் நிலையத்துக்கு வெளியிலேயே அது விற்பனைக்கு வந்துவிடும்.

மொழித் தேர்வு என்ற பூட்டு முதலில் யாருக்காகச் செய்யப்பட்டது என்று வட ஆற்காட்டுக்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1860-ல் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் கூலிகளை ஏற்றிப் போனது. அதற்குப் பின் போன கப்பல்களின் பதிவேடுகளில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உடம்பிலுள்ள தழும்பு, ஜில்லா என்று எழுதிக்கொண்டே போயிருப்பார்கள். அந்த ஜில்லா கட்டத்தில் வட ஆற்காடு எத்தனையோ முறை வரும். 1903-க்குப் பிறகு பீஜிக்குப் போனவர்களிலும் நம் ஜில்லாக்காரர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அப்படிப் போனவர்களுக்குப் பின்னால் சொந்தக் காசில் கப்பலேறிய இந்தியர்கள் அங்கே கடை வைக்கத் தொடங்கியதும் நேட்டால் வெள்ளையர்களுக்குப் பொறுக்கவில்லை. 1897-ல் ஒரு சட்டம் போட்டார்கள். உள்ளே வர வேண்டுமென்றால் ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் விண்ணப்பம் எழுதிக் காட்ட வேண்டும். இந்தியர் என்ற சொல் சட்டத்தில் எங்குமே கிடையாது, அவ்வளவு நாசூக்கு. ஒப்பந்தக் கூலியாக வருகிறவனுக்கு மட்டும் அந்தச் சோதனை இல்லை, கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே!

அதே பூட்டை ஆஸ்திரேலியா 1901-ல் வாங்கி மாட்டியது. அதிகாரி சொல்லச் சொல்ல ஐம்பது சொற்களைப் பிழையில்லாமல் எழுத வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரியின் இஷ்டம். 1934-ல் எகான் கிஷ் என்ற பத்திரிகையாளரை உள்ளே விடக் கூடாது என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள். அவருக்கோ பல மொழிகள் அத்துபடி. ஆகவே ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் தேர்வு வைத்தார்கள்! அந்தத் தேர்வு 1958 வரை புத்தகத்தில் இருந்தது. தேர்வு தொடங்குவதற்கு முன்பே முடிவு எழுதப்பட்டிருந்தால் அது எந்த மொழியில் நடந்தால் என்ன?

நம் ஊரில் இதற்கு நேர் எதிர்க் காட்சியும் உண்டு. பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரில் நின்று பாருங்கள். லாட்ஜ் போர்டு வங்காளத்தில், மருந்துக்கடை போர்டு வங்காளத்தில், மீன் குழம்பு மெஸ் வங்காளத்தில். ஆட்டோக்காரர் எங்கே போகணும் என்பதை "கொத்தாய் ஜாபேன்?" என்று வங்காளத்திலேயே கேட்கிறார். கல்கத்தாவிலிருந்தும் டாக்காவிலிருந்தும் வருகிற நோயாளிக்கு நாம் தமிழ்த் தேர்வு வைக்கவில்லை. அவர் மடியில் காசு இருந்ததால் அவர் மொழியை நாம் கற்றுக்கொண்டோம். அதே மாநிலத்திலிருந்து அதே காட்பாடியில் வெறுங்கையோடு இறங்குகிறவன் மட்டும் நமக்குப் பிரச்சினையாகிவிட்டான். நேட்டாலாவது கடைக்காரனைத் தடுத்துக் கூலியை உள்ளே விட்டது. நாம் காசுள்ளவனுக்குக் கதவைத் திறந்துவிட்டுக் கூலியைத் தடுக்கப் பார்க்கிறோம்.

2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டையில் தோல் கழிவு சேர்த்து வைத்திருந்த தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் ஷெட்டுக்குள்ளேயே படுத்திருந்த தொழிலாளர்கள் மேல் சேறு பாய்ந்தது. செத்தவர்கள் 10 பேர், பெரும்பாலோர் மேற்கு வங்கத்தினர். தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? வேலை செய்கிற இடத்திலேயே ஏன் படுக்கவைத்தார்கள் என்று கேட்க ஒரு மனு அன்று நம் நடைக் கூட்டத்திலிருந்து போனதாக எனக்கு ஞாபகம் இல்லை. நானும் எழுதவில்லை.

மனுவைக் கிழிக்கச் சொல்லவில்லை, இரண்டு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். அந்த இடத்தில், பொதுமக்களுக்குப் பதில் சொல்லும் ஒவ்வொரு கவுன்ட்டரிலும் தமிழ் தெரிந்தவர் இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். எங்கள் தெரு கொத்தனாருக்கும் மால்டா பையனுக்கும் ஒரே கூலி வேண்டும், அந்தக் கூலியைத் தமிழிலும் இந்தியிலும் வங்காளத்திலும் எழுதிக் கட்டட வாசலில் தொங்கவிட வேண்டும் என்று எழுதுங்கள். குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்காதபோது மேஸ்திரி தானாகவே உள்ளூர்க்காரரையும் கூப்பிடுவார். கடைசியாக, ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் ஒரு பள்ளி வகுப்பறையைத் திறந்துவிடச் சொல்லிக் கேளுங்கள். தமிழ் சொல்லிக்கொடுக்க நான் தயார். சம்பளம் வேண்டாம், சாக்பீஸ் வாங்கிக் கொடுத்தால் போதும்.

முதல் பாடம் என் வீட்டு மாடியிலேயே நடந்துவிட்டது. என்ன வாக்கியம் வேண்டும் என்று அந்தப் பையனிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துச் சொன்னான். நான் தமிழாக்கிச் சொல்லச் சொல்ல, சிமென்ட் மூட்டைக் காகிதத்தில் வங்காள எழுத்தில் எழுதிக்கொண்டான்: "மேஸ்திரி, பாக்கி எப்போ தருவீங்க?"

திருத்திய மனுவை ஞாயிற்றுக்கிழமை டீக்கடைக்குக் கொண்டு வாருங்கள். கண்ணாடி சட்டைப்பையில்தான் இருக்கும்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்
சத்துவாச்சாரி, வேலூர்